காய்ந்தது வேறு, மக்கியது வேறு

தோட்டம் போடத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன், தமிழில் கழிவுக்குக்கூட ஆளுக்கொரு பெயர் இருக்கிறது. மாடு போட்டால் சாணம். யானையும் குதிரையும் போட்டால் இலத்தி. கழுதை போட்டால் விட்டை. பறவை போட்டால் எச்சம். ஆடும் எலியும் போட்டால் புழுக்கை. யார் பிரித்தார்களோ, ஈரத்தையும் உருவத்தையும் பார்த்துத்தான் பிரித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். சாணம் என்றதும் கை கொஞ்சம் தயங்குகிறது. புழுக்கைக்குத் தயங்குவதில்லை. சின்னதாக, உருண்டையாக, கையில் ஒட்டாமல், பெரிதாக நாறாமல் இருக்கிறது. சாக்கில் கட்டித் தூக்கினால் விதை மூட்டை மாதிரி கலகலக்கிறது.

இந்தச் சுத்தம்தான் என்னை முதல் இரண்டு வருடம் ஏமாற்றியது.

ஆடு என்று பொதுவாகச் சொன்னாலும் இங்கே நான் பேசுவது செம்மறியைப் பற்றி. வெள்ளாடு எட்டித் தழை கடிக்கும், செம்மறி குனிந்து புல் மேயும். தின்பது வேறு என்பதால் கழிவிலும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. தோட்டத்துக்கு வந்து சேரும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். செம்மறி எருவில் ரோமம் கலந்து வரும், அவ்வளவே. ரோமத்துக்கு அப்புறம் வருகிறேன்.

முதல் வருடம் ஆட்டுப்பட்டி ஒன்றுக்குச் சாக்கோடு போனேன். செம்மறி வளர்க்கும் பெரியவர் ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டார். பட்டிக்குள் தரை கறுப்பாக, மிதிபட்டு இறுகி, மூக்கைக் குத்தும் நெடியோடு இருந்தது. அதற்குள் கால் வைக்க மனமில்லை. வேலிக்கு வெளியே மண் ஒட்டாமல் காய்ந்து கிடந்த புழுக்கையாகப் பார்த்துப் பொறுக்கினேன். அரைச் சாக்கு சேர்ந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா, உமியை அள்ளிக்கிட்டு அரிசியை விட்டுட்டுப் போற?"

"இதுதானேங்கய்யா எரு?"

"அது புழுக்கை. எரு உள்ள கெடக்கு, ஆட்டுக் காலுக்கடியில."

எனக்குப் புரியவில்லை. கொண்டுபோய் பன்னிரண்டு தொட்டிகளிலும் செடியைச் சுற்றி ஒரு கைப்பிடி தூவினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், தூவிய புழுக்கை தூவியபடியே இருக்கிறது. தண்ணீர் ஊற்றும்போது மேலே மிதந்து, வடிந்ததும் பழையபடி உட்கார்ந்துவிடும். ஒன்றை எடுத்து நசுக்கினேன். வெளியே கல் போல இருந்தது, உள்ளே புல்லின் நார் பச்சை மங்காமல் அப்படியே. கத்தரிக்கும் மிளகாய்க்கும் அதனால் கெடுதலும் இல்லை, நன்மையும் இல்லை. கூழாங்கல் போட்டிருந்தாலும் அதே பலன் கிடைத்திருக்கும்.

ஏன் இப்படி என்று தெரிய ஆட்டின் வயிற்றுக்குள் போக வேண்டும். செம்மறிக்கு வயிற்றில் நான்கு அறைகள். மேய்ந்ததை முதல் அறையில் ஊறவைத்து, திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து அசைபோட்டு, மாட்டைவிட நன்றாக அரைத்து அனுப்புகிறது. பெருங்குடலில் ஒரு பகுதி நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கிறது. அங்கேதான் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தெடுத்துக்கொள்ளும் வேலை நடக்கிறது. குடலின் சுருங்கி விரியும் அசைவில் மிச்சம் உருண்டைகளாகத் துண்டாகிறது. வழுவழுப்பான மெல்லிய படலம் மேலே பூசிக்கொண்டு அது வெளியே வருகிறது. வெயில் பட்டதும் அந்தப் படலம் மெருகு ஏற்றியது போல இறுகிவிடுகிறது. பிறகு தண்ணீர் உள்ளே போவது கடினம். தண்ணீர் போகாத இடத்தில் நுண்ணுயிரி வேலை செய்யாது, நுண்ணுயிரி தொடாத எருவிலிருந்து வேருக்கு ஒன்றும் வராது. இளம் புல் செழித்திருக்கும் காலத்தில் ஆடு ஈரமாகக் கட்டி கட்டியாகப் போடும். அது சீக்கிரம் உடைந்துவிடும். நான் பொறுக்கியதோ வெயில் பல நாள் சுட்ட சரக்கு.

பெரியவரின் உமி, அரிசி கணக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியது. ஆடு தின்ற தழைச்சத்தில் (நைட்ரஜன்) வெளியேறும் பங்கில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ சிறுநீரில் போகிறது. சாம்பல்சத்தில் (பொட்டாசியம்) பெரும்பகுதியும் அப்படித்தான். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மட்டும் ஏறக்குறைய முழுவதும் புழுக்கையில் தங்குகிறது. அதாவது, வேலிக்கு வெளியே காய்ந்து கிடக்கும் சுத்தமான புழுக்கை பாதி எருதான். மீதிப் பாதி பட்டித் தரையில், மிதிபட்ட வைக்கோலிலும் மண்ணிலும் ஊறிக் கிடக்கிறது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினேனே, அந்தக் கறுப்பு அடுக்கில்.

"ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்" என்றொரு பழமொழி உண்டு. ஆட்டெரு போட்ட வருடமே பலன் தரும், மாட்டெரு அடுத்த வருடம்தான் என்று பொருள். என் தொட்டியில் ஆட்டெரு எந்த வருடமும் பலன் தருகிற மாதிரி தெரியவில்லையே என்று அப்போது எரிச்சலாக இருந்தது. பழமொழியில் தப்பில்லை. அது வயலில் ஆட்டை இரவு முழுக்க அடைத்து வைக்கிறவர்கள் சொன்னதாகத்தான் இருக்க வேண்டும். அங்கே சிறுநீர் நேராக மண்ணில் இறங்குகிறது. நூற்றுக்கணக்கான குளம்புகள் புழுக்கையை மிதித்து உடைக்கின்றன. மறுநாளே மேலாக உழுது மூடிவிடுகிறார்கள். நான் சிறுநீரையும் விட்டுவிட்டேன், குளம்பையும் விட்டுவிட்டேன்.

இரண்டாம் வருடம் புத்தி வந்துவிட்டதாக நினைத்தேன். பட்டிக்குள்ளேயே போய், மண்வெட்டியால் தரையைச் சுரண்டி இரண்டு சாக்கு எடுத்தேன். பெரியவர் இந்த முறை திருப்தியாகத் தலையாட்டினார். "ஆனா சூடு ஆற விடணும்மா" என்றார். கேட்டுக்கொண்டேன். ஆனால் வீட்டில் பிரித்தபோது அடுக்கு காய்ந்து வறட்டி மாதிரி இருந்தது. தொட்டால் சூடு ஒன்றும் இல்லை. ஆறிவிட்டது என்று முடிவு கட்டினேன். துணியில் சுற்றிக் கல்லால் நசுக்கி, மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு கலந்து, அன்றைக்கே மிளகாய் நாற்று வைத்தேன்.

ஐந்தாம் நாள் இலை ஓரங்கள் பழுப்பாகின. பத்தாம் நாள் பாதி நாற்று போய்விட்டது. அதே கலவையில் ஊன்றிய அவரை விதை முளைக்கவே இல்லை. தோண்டிப் பார்த்தால் அழுகிக் கிடந்தது. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

எருவில் "சூடு" என்று சொல்வது கைக்குத் தெரிகிற சூடு மட்டுமல்ல. சிறுநீரில் இருக்கும் யூரியா, ஈரம் பட்டதும் அம்மோனியாவாக உடைகிறது. பட்டியில் மூக்கைக் குத்தும் நெடி அதுதான். தழைச்சத்து காற்றில் பறந்து போகும் வாசனை என்றும் அதைச் சொல்லலாம். காய்ந்தால் இந்த வேலை நின்றுவிடும், முடிந்துவிடாது. நான் தொட்டியில் தண்ணீர் ஊற்றியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது, இளம் வேரின் பக்கத்திலேயே. அம்மோனியா வேரைச் சுட்டது. கூடவே சிறுநீரின் உப்புகள் மண்ணின் ஈரத்தை வேருக்குப் போகவிடாமல் பிடித்துக்கொண்டன. தண்ணீர் ஊற்ற ஊற்றச் செடி தாகத்தில் வாடியது.

காய்ந்ததை மக்கியது என்று நினைத்தேன். ஆட்டெருவில் நான் செய்த தவறுகள் எல்லாவற்றையும் உருட்டித் திரட்டினால் இந்த ஒரே தவறுதான் மிஞ்சும். மாட்டுச் சாணத்தில் இந்த ஏமாற்று இல்லை. பச்சைச் சாணம் பார்த்தாலே பச்சை என்று தெரிகிறது, யாரும் அதை நேராகத் தொட்டியில் போடமாட்டார்கள். புழுக்கை பிறக்கும்போதே வேலை முடிந்த பொருள் மாதிரி தோற்றம் காட்டுகிறது.

எண்களிலும் இதே ஏமாற்று உண்டு. ஆட்டெருவில் சராசரியாக 3 சதவீதம் தழைச்சத்து, 1 சதவீதம் மணிச்சத்து, 2 சதவீதம் சாம்பல்சத்து என்று வேளாண் கையேடுகளில் போட்டிருக்கும். பக்கத்திலேயே மாட்டுத் தொழு உரம்: 0.5, 0.2, 0.5. நான்கு முதல் ஆறு மடங்கு சத்து என்று துள்ளிக் குதித்துவிடக் கூடாது. பச்சைச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். தொழு உரத்திலும் ஈரம், மண், கூளம் எல்லாம் கலந்திருக்கும். புழுக்கையில் தண்ணீர் முதலிலேயே குறைவு, காய்ந்தால் இன்னும் குறைவு. தண்ணீரை எடுத்துவிட்டு எடைபோட்டால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும். ஆட்டெரு உயர்ந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உயர்வில் பெரும்பகுதி ஆடு சிக்கனமாகத் தண்ணீர் விடுவதால் வந்தது. ஒரு கிலோவில் அதிகச் சரக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

யாரும் அதிகம் பேசாத ஒரு நல்ல குணமும் அதற்கு உண்டு. செம்மறிக்குச் செம்பு ஆகாது. மற்றக் கால்நடைகள் தாங்கும் அளவு செம்பு உடலில் சேர்ந்தாலே அதன் ஈரல் கெட்டுச் செத்துப்போகும். அதனால் செம்மறித் தீவனத்தில் செம்பு சேர்க்காமல் கவனமாக இருப்பார்கள். பன்றிக்கும் கோழிக்கும் வளர்ச்சிக்காகச் செம்பும் துத்தநாகமும் சேர்ப்பது வழக்கம், அது எருவிலும் வரும். வருடக்கணக்கில் ஒரே மண்ணில் போட்டால் கன உலோகம் சேரும் என்ற பயம் அந்த எருக்களில் உண்டு. ஆட்டெருவில் அந்தக் கவலை குறைவு. ஓர் ஆட்டின் நோஞ்சான் ஈரல் என் தோட்டத்தைக் காக்கிறது என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

மூன்றாம் வருடம் குவியல் போட்டேன். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் வேலை நனைப்பது. காய்ந்த புழுக்கையை அப்படியே குவித்தால் வெளியே எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் உள்ளே போகாது. குவியல் சூடேறாமல் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். என்னுடையது முதல் தடவை அப்படித்தான் கிடந்தது. இப்போது ஒரு பெரிய வாளியில் புழுக்கையைப் போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிடுகிறேன். காலையில் அது தன் உருவத்தை விட்டுக் கொழகொழவென்று ஆகியிருக்கும். குச்சியால் கிளறினாலே உடையும். கல்லும் வேண்டாம், துணியும் வேண்டாம். ஊறிய தண்ணீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் இருக்கும். அதைக் கீழே கொட்டக் கூடாது. சாம்பல்சத்து சீக்கிரம் தண்ணீரில் கரைகிற சரக்கு, அதையும் குவியல் மேலேயே ஊற்றிவிடுகிறேன்.

அடுத்தது சருகு. ஆட்டெருவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறக்குறைய 15 முதல் 20 பங்கு கரிமம் (கார்பன்) இருக்கும். நன்றாக மக்குவதற்கு 25 முதல் 30 பங்கு தேவை. அந்தக் குறையைக் காய்ந்த இலை, வைக்கோல், மரத்தூள் என்று எதையாவது போட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும். கன அளவில் ஒரு வாளி எருவுக்கு ஒன்று முதல் இரண்டு வாளி சருகு என் கணக்கு. பட்டித் தரையின் அடுக்கில் ஏற்கெனவே வைக்கோல் இருந்தால் குறைத்துக்கொள்வேன். அளவு சரியா என்று பார்க்க மூக்கு போதும். அம்மோனியா நெடி வந்தால் சருகு போதவில்லை. ஒரு நெடியும் இல்லை, சூடும் இல்லை என்றால் ஈரமோ எருவோ போதவில்லை. அழுகல் நாற்றம் வந்தால் தண்ணீர் கூடிப்போய்க் காற்று புகவில்லை.

குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டராவது வேண்டும். அதைவிடச் சின்னதாக இருந்தால் உண்டான சூடு தங்காமல் போய்விடும். கையால் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. நான் சமையலுக்கு உதவாத ஒரு பழைய வெப்பமானியைக் கம்பியில் கட்டிச் செருகி வைக்கிறேன். மூன்றாம் நாள் அது 60 டிகிரி செல்சியஸ் காட்டியபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்கள் காட்டிய ஆர்வம் மிதமானது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

55 டிகிரிக்கு மேல் போவது முக்கியம். நோய்க்கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் பெரும்பாலான களை விதைகளும் அந்தச் சூட்டில்தான் அடங்கும். ஆடு நன்றாக அரைத்துத் தின்பதால் களை விதை மாட்டெருவைவிடக் குறைவாகவே தப்பி வரும். ஆனாலும் தடித்த தோலுள்ள விதைகள் வயிற்றையும் தாண்டி வந்துவிடும். 70-க்கு மேல் ஏறினால் மக்கவைக்கும் நுண்ணுயிரிகளே சாகத் தொடங்கும், உடனே கிளறிவிட வேண்டும். எப்படியும் கிளறத்தான் வேண்டும், ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வந்தால்தான் எல்லாமே வேகும். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள் திறந்த வரிசைக் குவியலுக்கு, 55 டிகிரிக்கும் 77 டிகிரிக்கும் இடையே 15 நாள், அதற்குள் ஐந்து தடவை கிளறல் என்று கணக்கு வைத்திருக்கின்றன. என் முதுகுக்கு நான்கு தடவைதான் முடிகிறது. அதை ஈடுகட்ட அதிக நாள் விட்டுவைக்கிறேன்.

சூடு தணிந்த பிறகு இன்னும் ஓரிரு மாதம் மூடி வைத்து ஆறவிடுவேன். மழையில் திறந்து கிடந்தால் சாம்பல்சத்து எல்லாம் கரைந்து குவியலுக்கு அடியில் உள்ள மண்ணுக்குப் போய்விடும். அங்கே புல் மட்டும் பிரமாதமாக வளரும். முடிந்துவிட்டதற்கு அடையாளம்: பாதியாகச் சுருங்கியிருக்கும், கிளறினாலும் சூடு ஏறாது, மழை பெய்த மண்ணின் வாசனை வரும், புழுக்கை என்று ஒன்றைக்கூட அடையாளம் காட்ட முடியாது. இதில் கடைசியைத்தான் நான் பெரிதும் நம்புகிறேன். ஒரு தடவை "முழுக்க மக்கியது" என்று அச்சடித்த மூட்டை ஒன்று வாங்கினேன். பிரித்தால் உள்ளே புழுக்கை ஒவ்வொன்றும் முழுசாக உருண்டு வந்தது. வெயிலில் உலர்த்திச் சலித்துக் கட்டியிருக்கிறார்கள். கேட்டதற்கு, ஈரமே இல்லையே, நாற்றமே இல்லையே என்றார்கள். என்னத்தைச் சொல்வது, இரண்டு வருடம் முன்னால் நானும் அதையேதான் சொன்னேன்.

ரோமம் மட்டும் குவியலில் மக்காமல் கயிறு கயிறாகத் தொங்கும். கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது அது. சுத்தமான ரோமத்தின் எடையில் ஏறக்குறைய 16 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது, ஆனால் வெளியே விட அவசரமே படாது. எடுத்து எறிய வேண்டாம். தொட்டியின் அடியில் ஒரு பிடி வைத்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உடல்நலம் பற்றி ஒன்று. காய்ந்த எருவை நசுக்கிய அந்த இரண்டாம் வருடம் எனக்கு ஒரு வாரம் தும்மல். தும்மலோடு போனது அதிர்ஷ்டம் என்று பிறகுதான் தெரிந்தது. ஆடுகளிடமிருந்து மனிதருக்கு வரும் கியூ காய்ச்சலின் கிருமி காய்ந்தாலும் சாகாமல் தூசியில் தங்கி, காற்றில் போகும். குட்டி ஈன்ற இடத்தில் அது அதிகம். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை இந்தக் காய்ச்சல் 4,000 பேருக்கு மேல் வந்தது. அங்கே காரணம் பெரும்பாலும் பால் வெள்ளாட்டுப் பண்ணைகள். எருவைக் கண்டு ஓட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. காய்ந்த நிலையில் நசுக்க வேண்டாம், சலிக்க வேண்டாம். நனைத்துவிட்டுக் கை வையுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் இதய வால்வில் கோளாறு உள்ளவர்களும் குட்டி ஈன்ற பட்டியின் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்றும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

குவியல் போட இடமில்லாமல் பச்சை எருவை நேராக மண்ணில் புதைக்கிறவர்களும் உண்டு. தவறில்லை, நாள் கணக்கு மட்டும் வேண்டும். மேலே சொன்ன அமெரிக்க விதிகளில் அதற்கும் அளவு இருக்கிறது: மண்ணைத் தொடும் காய், கீரை, கிழங்கு என்றால் பறிப்பதற்கு 120 நாள் முன்பே புதைத்திருக்க வேண்டும், மண்ணைத் தொடாதவற்றுக்கு 90 நாள். பச்சையாகத் தின்னும் கீரைக்கு நான் எந்தக் கணக்கிலும் பச்சை எரு போடுவதில்லை. கேரட்டுக்கும் முள்ளங்கிக்கும்கூட இல்லை. கிழங்கு கிளைத்துக் கவட்டை கவட்டையாக வரும்.

எருவை ஊறவைத்த தண்ணீரை நீர்த்துச் செடிக்கு ஊற்றுவதில் எனக்குப் பெரிய மோகம் இல்லை. நன்றாக மக்கிய எருவாக இருந்தால், வேருக்கு ஊற்றலாம், இலையில் தெளிக்க வேண்டாம். இனிப்பு எதையாவது சேர்த்து நொதிக்கவைத்தால் நல்ல நுண்ணுயிரி மட்டும் பெருகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இனி அளவு. ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு வருடத்தில் இரண்டு, மூன்று கிலோ மக்கிய எரு. தொட்டிக் கலவையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. ஒரு வருடம் தாராளமாகப் போட்டேன். தக்காளி என் உயரத்துக்கு வளர்ந்து, கரும்பச்சை இலையாகத் தழைத்து, விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் காய்த்தது. அது கண்ணுக்குத் தெரிகிற தொல்லை, அடுத்த பருவத்தில் சரியாகிவிடும். தெரியாத தொல்லை மணிச்சத்து. செடி தழைச்சத்தை நிறைய எடுக்கும், மணிச்சத்தைக் கொஞ்சமாகத்தான் எடுக்கும். எருவிலோ தழைச்சத்து காற்றிலும் தண்ணீரிலும் போய்விட, மணிச்சத்து அசையாமல் மண்ணிலேயே உட்கார்ந்துவிடுகிறது. தழைச்சத்துக்காக வருடா வருடம் எருவைக் கொட்டினால் மணிச்சத்து ஏறிக்கொண்டே போகும். அது மிஞ்சினால் செடிக்குத் துத்தநாகமும் இரும்பும் சரியாகக் கிடைக்காது, வேரோடு கூட்டு வாழும் பூஞ்சைகளும் ஒதுங்கிக்கொள்ளும். இயற்கை உரம்தானே, எவ்வளவு போட்டால் என்ன என்ற பேச்சு எனக்கு அதனால்தான் பிடிப்பதில்லை. நான் இப்போது ஒரு வருடம் எரு, மறுவருடம் பயறுச் செடி வளர்த்து மடக்கிப் புதைப்பது என்று மாற்றி மாற்றிப் போகிறேன்.

ஆடு என்ன தின்றது, என்ன மருந்து குடித்தது என்பதும் எருவோடு சேர்ந்து வருகிறது. குடற்புழுவுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் நல்ல மருந்து, அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2015-இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் பெரும்பகுதி கழிவு வழியாகத்தான் வெளியேறுகிறது. சாண வண்டின் புழுக்கள் அதில் சாகும். அதனால் மருந்து கொடுத்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டுவிட்டு அள்ளுவது என் வழக்கம்.

இதைவிடப் பெரிய தலைவலி களைக்கொல்லி. அமினோபைரலிட், குளோபைரலிட் என்ற வகைகள் புல்லைத் தொடாமல் அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்லும். புல்லை ஆடு தின்னும், மருந்து ஆட்டுக்கு ஒன்றும் செய்யாமல் வயிற்றைக் கடந்து எருவில் வரும். குவியல் சூட்டிலும் முழுக்க அழியாது. பிரிட்டனில் 2008-இல் வீட்டுத் தோட்டங்களில் தக்காளியும் அவரையும் உருளைக்கிழங்கும் இலை சுருண்டு கோணலாகிப்போக, அமினோபைரலிட் விற்பனையையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். நூறு கோடியில் ஒரு சில பங்கு அளவே தக்காளிக்குப் போதும். வைக்கோலையும் தீவனப் புல்லையும் வெளியிலிருந்து வாங்கும் ஆட்டுக்காரருக்கு, அதில் என்ன அடித்தார்கள் என்று தெரிந்திருக்க வழியில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனும் இல்லை.

சோதிக்க அவரை விதை போதும். ஆறு சின்னத் தொட்டி. மூன்றில் எருவும் மண்ணும், மூன்றில் வெறும் மண். ஒவ்வொன்றிலும் மூன்று விதை. எருத் தொட்டியிலிருந்து வடியும் தண்ணீர் மற்றதில் படாதபடி தனித்தனித் தட்டு. மூன்றாவது இலை விரியும் வரை காத்திருக்க வேண்டும், இரண்டு மூன்று வாரம் ஆகும். விதை இலை நன்றாக இருந்தது என்று நம்பிவிடக் கூடாது. கோளாறு இருந்தால் புது இலையில்தான் தெரியும், கிண்ணம் மாதிரி குவிந்து, நரம்பு நெருங்கி, நுனி முறுக்கிக்கொண்டு வரும்.

பெரியவர் இந்த வருடம் பட்டியை மாற்றிவிட்டார், புதுத் தீவனமும் வாங்கியிருக்கிறார். அங்கிருந்து வந்த நான்கு சாக்கும் ஊறி, வெந்து, ஆறி, மூலையில் மூடிக் கிடக்கிறது. மண் வாசனை வருகிறது, தேடினாலும் ஒரு புழுக்கை அகப்படவில்லை. ஆனாலும் பாத்தியில் போடவில்லை. ஜன்னலோரத்தில் ஆறு தொட்டி வரிசையாக இருக்கிறது. இன்று பதினோராம் நாள். ஆறிலும் முளைத்திருக்கிறது, இரண்டு இலை தட்டையாக இருக்கிறது. மூன்றாவது இன்னும் மடிந்தபடியே இருக்கிறது.